செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் சொந்த வீடும் ஏன் தள்ளிப் போகுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு எந்த ஊரு விசேஷத்துக்குப் போனாலும் பந்தி முடிஞ்சு வெத்தலை போடுற நேரத்துக்குப் பேச்சு இங்கதான் வந்து நிக்குது. பையனுக்கு முப்பத்திரண்டு ஆச்சு இன்னும் அமையல, பொண்ணு நல்ல வேலையில இருக்கா எந்த ஜாதகமும் சரிவரல, வீடு வாங்கிட்டுப் பார்க்கலாம்னு சொன்னான் வீடும் வாங்கல. தெரிஞ்சவங்களுக்கு ஜாதகம் மாத்திக் குடுக்கிறது, பூர்வீக வீட்டுப் பங்கு விவகாரத்துல கூட நிக்கிறதுன்னு நான் கொஞ்சம் ஒத்தாசை பண்றதால இந்தக் கேள்விகள் எனக்கு வந்துகிட்டே இருக்கு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்னு தோணுச்சு.

நெசமாவே கல்யாணம் குறைஞ்சிருக்கா, இல்ல லேட்டாகுது அவ்வளவுதானா?

ரெண்டும்தான். மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2022-ல போட்ட இளைஞர் அறிக்கையில 15 வயசுலருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல கல்யாணமே ஆகாதவங்க 2011-ல 17.2 சதவீதம், 2019-ல 23 சதவீதம்னு இருக்கு. ஆண்கள் மட்டும் பார்த்தா 20.8-லருந்து 26.1, பெண்கள் 13.5-லருந்து 19.9. எட்டு வருஷத்துல இவ்வளவு மாறுறது சின்ன விஷயம் இல்ல. இதுல பெரும்பாலானவங்க பின்னாடி கல்யாணம் பண்ணிக்கத்தான் போறாங்க, ஆனா முப்பத்தஞ்சைத் தாண்டினதும் ஜாதகம் வர்றது குறையுது, வீட்டுல பேச்சும் குறையுது, அப்புறம் அப்படியே நின்னு போற குடும்பங்களை நம்ம தெருவுலயே பார்க்குறோம்.

வெளிநாட்டுலயும் இப்படித்தானாமே?

ஆமா. அமெரிக்காவுல 1960-ல கல்யாணம் பண்ண ஆண்கள்ல பாதிப் பேரு 22.8 வயசுக்குள்ள பண்ணிட்டாங்க, 2023-ல அந்தக் கணக்கு 30.2 ஆயிடுச்சு. அங்க முதல் வீடு வாங்குறவங்களோட நடு வயசு 1981-ல 29, 2024-ல 38. ஜப்பான்ல 2020 கணக்குப்படி ஐம்பது வயசு வரைக்கும் கல்யாணமே பண்ணாத ஆண்கள் கிட்டத்தட்ட 28 சதவீதம். தென்கொரியாவுல பிறப்பு விகிதம் 2023-ல ஒரு பொண்ணுக்குச் சராசரியா 0.72 பிள்ளைங்கற அளவுக்கு வந்துடுச்சு. எல்லா இடத்துலயும் வீட்டு விலை, படிப்பு, வேலை நிச்சயமில்லாததுன்னு காரணம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. ஆனா அங்க கல்யாணம் பண்ணாமலே சேர்ந்து வாழலாம், தனியா வீடு எடுத்து இருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நம்மூர்ல கல்யாணம் ஆகலைன்னா நாப்பது வயசானாலும் அவன் வீட்டுப் பிள்ளைதான், பெரியவங்க உக்காந்து பேசுற இடத்துல அவனுக்குப் பேச்சு இல்ல. அதனால இங்க வலி வேற மாதிரி.

ஜாதகம் குடுத்ததும் ஏன் முதல் கேள்வியே சொந்த வீடு இருக்கான்னு வருது?

இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு பாதிச் சிக்கல் இந்தக் கேள்வியிலதான் இருக்கு.

வாட்ஸாப்ல வர்ற பொண்ணு ஜாதகங்களை எடுத்துப் பாருங்க. பேரு, நட்சத்திரம், குலக் கோயில், படிப்பு, கடைசியில எதிர்பார்ப்புன்னு ஒரு வரி: நல்ல வேலை, சென்னை அல்லது பெங்களூர், சொந்த வீடு அவசியம். இருபத்தெட்டு வயசுப் பையன்கிட்ட சென்னையில சொந்த வீடு எப்படி இருக்கும்? அவுக அப்பச்சி (அப்பா) வாங்கி வச்சிருந்தா உண்டு, இல்லைன்னா கிடையாது. அப்ப கேட்கிறது பையனோட திறமையை இல்ல, அவனோட அப்பச்சி இருபது வருஷத்துக்கு முந்தி என்ன வாங்கினாருங்கறதை.

பொண்ணைப் பெத்தவங்க மேல நான் பழி போட மாட்டேன். மகளை அனுப்புறோம், மாசாமாசம் வாடகை, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வீடு மாத்துறது, நாளைக்கு வேலை போனா எங்க போவாங்கன்னு அவங்க பயப்படுறது நியாயம்தான். ஆனா நம்ம பெரியவங்க செஞ்ச முறை இதுக்கு நேர் தலைகீழ்.

அப்பெல்லாம் எந்தப் பையனும் வீடு கட்டிட்டுக் கல்யாணம் பண்ணல. கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல பையனையும் பொண்ணையும் வேறு வைப்பாங்க. வேறு வைக்கிறதுன்னா வீட்டை விட்டு வெளிய அனுப்புறது இல்ல, அதே வீட்டுக்குள்ள வளவை (நடு முற்றத்தை) சுத்தி இருக்கிற அறைகள்ல ஒண்ணு அவங்களுக்கு, பின் கட்டுல தனி அடுப்பு, பொண்ணு வீட்ல குடுத்த சாமான் சட்டி, இவ்வளவுதான். பையன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டு விக்க, அதாவது தொழில் பார்க்க, போயிடுவான், பொண்ணு இங்க தன் அடுப்புல தன் கணக்குல குடும்பம் நடத்துவா. கல்யாணம் முதல்ல, குடும்பம் அவங்களுக்கு இடம் குடுக்கும், சொத்து பின்னால சேரும். இப்ப வரிசையை மாத்திட்டோம். சொத்தை முதல்ல வைக்கிறோம், இடம் குடுக்குற பொறுப்பையும் குடும்பம் விட்டுருச்சு, அது முழுக்க அந்த ஒத்தைப் பையன் தலையில. பெரியவங்க முறையில எல்லாமே சரின்னு சொல்ல வரல, வருஷக்கணக்கா புருஷன் முகம் பார்க்காம இருந்த ஆச்சிகள் கதை எல்லார் வீட்டுலயும் இருக்கு. ஆனா இந்த ஒரு விஷயத்துல அவங்க செஞ்சதுதான் சரி.

ஊர்ல அம்புட்டுப் பெரிய வீடு நிக்குதே, அது சொந்த வீடு இல்லையா?

வெளியூர் நண்பர்கள் எல்லாரும் கேக்குறது இதுதான். இந்தத் தெருவுல முகப்பு, அந்தத் தெருவுல பின்வாசல், நடுவுல பட்டாலை, வளவு, ரெண்டாம் கட்டு, மூணாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லு (தரையில பதிக்கிற டைல்), இத்தாலி மார்பிள். 2014-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தாங்க. இவ்வளவு இருந்தும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு சொந்த வீடு இல்லைங்கறது நம்ப முடியாததுதான்.

உள்ள போய்ப் பாருங்க, புரியும். வளவுல சுத்தி வரிசையா அறை, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டும் வேற வேற கம்பெனி. ஒரு சாவி கோயம்புத்தூர்ல, ஒண்ணு கோலாலம்பூர்ல, ஒண்ணு யார்கிட்ட இருக்குன்னே தெரியாது, அந்தப் பங்காளி காலமாகி அவரு பிள்ளைகள் ஊரே பார்த்தது இல்ல. நாட்டு ஓடு சரிஞ்சு மழைத்தண்ணி உத்தரத்துல இறங்குது, கரையான் ஏறிக்கிட்டு இருக்கு, ஓடு மாத்தணும்னா செலவை எட்டுப் பங்கா பிரிக்கணும், அதுல ரெண்டு பங்கு பேசாத பங்கு. படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடுறதுக்கு) மட்டும் கதவு திறக்கும். ஒரு பையனுக்கு அதுல எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டா எட்டுல ஒண்ணு, அதுல மூணுல ஒண்ணு, இருபத்திநாலுல ஒரு பங்கு. அதை வச்சு எந்த பேங்க்லயும் கடன் வாங்க முடியாது, தனியா விக்கவும் ஆள் வராது.

இதெல்லாம் எப்படி வந்துச்சுன்னா, வீடு கட்டுனது கடல் தாண்டிப் போன காசுல. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் அடி விழுந்துச்சு, 1948-ல அங்க நிலத்தை நாட்டுடைமையாக்க சட்டம் வந்துச்சு, 1960-கள்ல மிச்ச மீதியும் போச்சு. வருமானம் நின்னுடுச்சு, வீடு மட்டும் நின்னுச்சு. பிள்ளைகள் சென்னை, பெங்களூர்னு வேலைக்குப் போனாங்க. பங்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பெருகிக்கிட்டே போகுது.

சென்னையில ஒரு ப்ளாட் (அடுக்குமாடி வீடு) வாங்கணும்னா நெசத்துல என்ன ஆகும்?

கணக்காவே பார்த்துருவோம். பழைய ப்ளாட், 70 லட்சம்னு வைங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் உள்ள கடனுக்கு சொத்து மதிப்புல 80 சதவீதம்தான் தர முடியும், அதாவது 56 லட்சம். மிச்சம் 14 லட்சம் கையில இருக்கணும். பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 6 லட்சத்து 30 ஆயிரம், இதுக்கு பேங்க் கடன் தராது. ஆக 20 லட்சத்துக்கு மேல ரொக்கமா வேணும். 56 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம்னா மாசம் இஎம்ஐ சுமார் 48,600. மொத்தமா கட்டி முடிக்கும்போது 1 கோடியே 16 லட்சம் தாண்டிடும்.

கையில ஒரு லட்சம் சம்பளம் வாங்குற பையனுக்குக் கூட பாதிச் சம்பளம் போயிடும். இதுல படிப்புக் கடன் இருந்தா கேக்கவே வேணாம். அந்த 20 லட்சத்தைச் சேர்க்கத்தான் முப்பத்தஞ்சு ஆகுது, அதுவரைக்கும் கல்யாணம் காத்துக் கிடக்கு. கல்யாணச் செலவும் தனியா நிக்குது: 2015-ல சவரன் 20,000 பக்கம் இருந்த தங்கம் 2025 அக்டோபர்ல 90,000 தாண்டுச்சு. சீர் பட்டியல் மட்டும் பழைய சவரன் கணக்குலயே இருக்கு.

நான் பையன் வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் சொல்றது ஒண்ணுதான்: கல்யாணத்தையும் வீட்டையும் ஒரே முடிச்சாப் போடாதீங்க. ரெண்டு பேரும் சம்பாதிக்கிற காலம் இது, வாடகை வீட்டுல ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் சேர்த்துட்டு ரெண்டு பேர் பேருலயும் கூட்டுக்கடன் போட்டா ஒத்தையா முப்பத்தஞ்சு வரைக்கும் காத்திருந்ததை விட சீக்கிரம் வாங்கிடலாம். சீருக்கு வைக்கிற காசுல பாதியை முன்பணத்துக்கு, ரெண்டு பேர் பேருலயும், குடுத்துட்டா இன்னும் நல்லது.

பொண்ணுங்க ரொம்ப கண்டிஷன் போடுறாகன்னு சொல்றாகளே?

பெரும்பாலும் பசங்களைப் பெத்தவங்க சொல்றது. படிச்சு வேலைக்குப் போற பொண்ணு, வேலையை விடச் சொல்லாதீங்க, மாமியார் வீட்ல எல்லாரையும் போல எனக்கும் ஒரு நாள் லீவு வேணும், என் பெத்தவங்களையும் நான் பார்த்துக்கணும்னு கேட்டா அது கண்டிஷன் இல்ல. நான் பார்த்த வரைக்கும் பேச்சு முறியறது இதுலதான் அதிகம், ஆனா வெளிய சொல்றப்ப ஜாதகம் சேரலன்னு முடிச்சுடுவாங்க. ஒரு வீட்ல பையனோட ஆத்தா என்கிட்ட, "பொண்ணு சமைக்கத் தெரியாதுன்னு சொல்லுது ஆச்சி"ன்னு குறைப்பட்டாங்க. அந்தப் பையன் பக்கத்துலயே உக்காந்துகிட்டு, "எனக்கும்தான் தெரியாது, ரெண்டு பேரும் சேந்து கத்துக்குவோம் ஆத்தா"ன்னான். அந்தக் கல்யாணம் நடந்துச்சு.

கோயில் பார்க்கிறதால தேடுற வட்டம் சின்னதாகுதா?

ஆகுது. நகரத்தார்ல, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள்ல, ஒம்பது கோயில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. பொதுவா ஒரே கோயில்னா பங்காளி முறை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள், அவங்களுக்குள்ளயும் குடுக்கல் வாங்கல் கிடையாது. சமூகமே சின்னது, அதுல கோயில் கழிச்சு, நட்சத்திரம் கழிச்சு, செவ்வாய் தோஷம் கழிச்சு, சம்பளம் கழிச்சு, வீடு கழிச்சா கடைசியில எத்தனை பேரு மிஞ்சுவாங்க? கோயில் முறையை விடச் சொல்ல எனக்கு மனசு வரல, அது நம்ம வேரு. நட்சத்திரப் பொருத்தத்தை ஒம்பது பத்துன்னு இழுக்காம பார்க்கலாம், வீட்டுக் கண்டிஷனை எடுத்துடலாம்.

இது செட்டியார் வீட்டுப் பிரச்சினை மட்டும்தானா?

இல்லவே இல்ல. ஆத்தங்குடியில கல்லு போடுற பையனை எடுத்துக்குங்க. கண்ணாடித் தட்டு மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறவச்சு வெயில்ல காயவச்சு எடுக்கிற வேலை, கை சுத்தமா இருக்கணும், எல்லாராலயும் முடியாது. அந்தக் கல்லு வெளிநாடு வரைக்கும் போகுது, ஆனா அவனுக்குப் பொண்ணு குடுக்கணும்னா, "கவர்ன்மெண்ட் வேலையா, சிங்கப்பூர் போறாகளா"ன்னுதான் கேக்குறாக. கொத்தனார், ஆசாரி, சமையல் மாஸ்டர், டிரைவர், விவசாயம் பார்க்கிற பையன்கள் எல்லாருக்கும் இதே கதை. கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு மரியாதை குறைஞ்சதுதான் இதுக்குப் பின்னாடி இருக்கிற பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு அவங்களுக்கு வேற வழி ஒண்ணு இருக்கு. குடிசையில இருக்கிற கிராமத்துக் குடும்பங்களுக்கு மாநில அரசோட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல, 2024-25-லருந்து, 360 சதுர அடி வீட்டுக்கு மூணரை லட்சம் தர்றாங்க. இடம் அவங்க பேருல இருக்கணும். பட்டா தாத்தா பேருலயே கிடந்தா அதை முதல்ல மாத்துங்க, நிறைய விண்ணப்பம் இந்த இடத்துலதான் நிக்குது.

பூர்வீக வீட்ல பொம்பளப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டா? சீர் குடுத்தாச்சேன்னு சொல்றாங்க.

உண்டு. சீர் குடுத்ததால பங்கு போகாது. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25-லருந்தே, அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்துல பிறப்புரிமை வந்துடுச்சு. 2005 செப்டம்பர் 9-லருந்து நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க எல்லா மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அப்பா 2005-க்கு முந்தியே காலமாயிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல உச்சநீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. 2004 டிசம்பர் 20-க்கு முந்தி முறைப்படி பதிவாகி முடிஞ்ச பாகப்பிரிவினையைத் திரும்பக் கிளற முடியாது.

ஆச்சிகள் (வீட்டுப் பொம்பளப் பிள்ளைகள்) கையெழுத்து வேண்டாம்னு விட்டுட்டு எழுதுற பத்திரம் நாளைக்கு பேங்க் வக்கீல் மேஜையில நின்னு போகும். கையெழுத்துக்காக மட்டும் கூப்பிடாம பங்கைக் குடுத்து அழைங்க. கானாடுகாத்தான்ல இப்ப விசாலம்னு ஹோட்டலா இருக்கிற வீடு ஒரு அப்பச்சி தன் மூத்த மகளுக்காகக் கட்டுனது, மகளுக்கு வீடு குடுக்கிறது நமக்குப் புதுசு இல்ல.

ஒரு பங்காளி மட்டும் சம்மதிக்கலன்னா என்ன பண்றது?

முதல்ல வம்சாவளியை எழுதுங்க. அய்யாவுக்கு (தாத்தாவுக்கு) அய்யா பேருலருந்து இன்னைக்கு உள்ள பிள்ளைகள் வரைக்கும், பிள்ளை கூட்டிக்கிட்டவங்க (தத்து எடுத்தவங்க) உட்பட, ஒரு பேப்பர்ல. பாதிச் சண்டை யாருக்கு எவ்வளவுன்னு தெரியாததாலதான். அப்புறம் வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று. வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்துலயே பார்த்துக்கலாம்.

எல்லாரும் ஒத்துக்கிட்டா பாகப்பிரிவினைப் பத்திரம், இல்லைன்னா ஒருத்தருக்கு விட்டுக் குடுக்கிற விடுதலைப் பத்திரம். நெருங்கிய குடும்பத்துக்குள்ளன்னா 2023 ஜூலையிலருந்து முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபா, பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. உறவு தூரமாப் போனா இந்தச் சலுகை மாறும், பத்திரம் எழுதுறவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்குங்க. பெருசா விலை வச்சு வாங்குறதை விட இது ரொம்பக் கம்மி, ஆனாலும் எத்தனையோ பேரு இதைச் செய்யாமலே தள்ளிப் போடுறாங்க.

ஒத்துக்கலைன்னா எந்தப் பங்குதாரரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். வருஷக்கணக்கா இழுக்கும், அதனால கடைசி வழியா வைங்க. கோபத்துல ஒருத்தர் தன் பங்கை வெளியாளுக்கு வித்துட்டாலும், சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவுப்படி அந்த வெளியாள் குடும்பத்தோட குடியிருப்பு வீட்டுக்குள்ள சேர்ந்து குடியிருக்க உரிமை கேக்க முடியாது, அவர் வழக்குப் போட்டா 1893 பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்துல ஒருத்தர் அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கலாம். இதைச் சொன்னாலே பாதி மிரட்டல் அடங்கிடும்.

இடிச்சு வித்துட்டா எல்லாருக்கும் காசு வந்துடுமே?

வரும், ஒருதரம் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல போய்ப் பாருங்க, நிலை, கதவு, தூண், பீங்கான் ஜாடி, எனாமல் சட்டி எல்லாம் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுல இருந்து கழட்டுனது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசுன சுவரை இடிச்சா செங்கல் விலைதான். அந்தக் காசை இருபத்திநாலு பங்கா பிரிச்சா ஒருத்தருக்கும் சென்னையில வீடு வராது. ஒரு பங்காளி மத்தவங்க பங்கை வாங்கி நடத்துறது, முன்கட்டை மட்டும் சரிபண்ணி ஹோம்ஸ்டேயாவோ ஷூட்டிங்குக்கோ விடுறது, இப்படி நடக்கிற வீடுகள் இருக்கு. வீட்டுலருந்தே வேலை பார்க்கிற வசதி உள்ள ஒரு சில இளசுகள் ஒரு கட்டை சரிபண்ணி ஊரோடயே குடும்பம் நடத்துறாங்க, வேணும்னா பல்லவன் ரயில் ஏறினா சென்னை. எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா முடியறவங்களுக்கு பங்காளிகள் வழிவிடணும்.

கல்யாணமே வேண்டாம்னு இருக்கிறவங்களை ஊர் எப்படிப் பார்க்கணும்?

நம்ம கணக்குல கல்யாணம் ஆனாத்தான் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பம். கோயில் வரி, ஊர்ப் பொதுக்காரியம் எல்லாம் புள்ளிக் கணக்குதான். தனியா இருக்கிறவங்க எத்தனை வயசானாலும் அதுல வர்றது இல்ல. பெத்தவங்களைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டவங்க, தம்பி தங்கச்சியைக் கரையேத்திட்டுத் தனக்குன்னு ஒண்ணும் பார்க்காம விட்டவங்க இதுல நிறைய பேரு. முறையை மாத்துறது பெரியவங்க கூடிப் பேச வேண்டியது. ஆனா படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் அவங்களைத் தனியாப் போன் போட்டு அழைக்கிறதுக்கு எந்த முறையும் குறுக்க நிக்கல. வந்ததும் "எப்பக் கல்யாணச் சாப்பாடு"ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பயந்துதான் பல பேரு ஊருக்கே வர்றது இல்ல.

கல்யாணம் ஆகாதவங்க சொத்தும் பூர்வீகப் பங்கும் பின்னால யாருக்குப் போகும்?

உயில் எழுதலைன்னா இந்து வாரிசுரிமைச் சட்டம் முடிவு பண்ணும். ஆணா இருந்தா முதல்ல அம்மாவுக்கு, அவங்க இல்லைன்னா அப்பாவுக்கு, அப்புறம் உயிரோட இருக்கிற அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிக்கு. இதுல கவனிங்க, கூடப் பிறந்தவங்க ஒருத்தர் உயிரோட இருந்தாலும் ஏற்கெனவே காலமான அண்ணனோட பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராது, அந்தப் பிள்ளைகள்தான் உங்களைப் பார்த்துக்கிட்டாங்கன்னாலும் அப்படித்தான். பொண்ணா இருந்தா, சொந்தமா சம்பாதிச்சது அப்பா அம்மாவுக்குப் போகும், அவங்களும் இல்லைன்னா அப்பாவோட வாரிசுகளுக்கு; அப்பா அம்மாகிட்டருந்து வாரிசா வந்தது நேரா அப்பாவோட வாரிசுகளுக்குப் போகும்.

உங்க காலத்துக்குப் பின்னால உங்க பங்கு உங்களுக்குப் பிடிச்சவங்களுக்குப் போகணும்னா உயில் எழுதுங்க. கூட்டுக்குடும்பச் சொத்துல உள்ள உங்க பங்கையும் உயில்ல எழுதலாம். வெள்ளைப் பேப்பர்ல எழுதினாலே செல்லும், உங்க கையெழுத்தோட ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், அதுல ஒருத்தராவது உங்களை விட வயசுல சின்னவரா இருக்கட்டும். பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பங்காளிகள் நிறைய உள்ள வீடுன்னா பதிவு பண்ணிட்டு ஒரு நகலை அந்தப் பிள்ளைகள் கையிலயே குடுத்துடுங்க.